உன் வாய்க்கு நான் வைத்த நேர்த்தி

பலெர்மோ,
மாசி 15, ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் றஜிதாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் தம்பியும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை, வியாழக்கிழமை தொலைபேசியில் நீ இருமியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஆகவே நீ முக்கால்வாசிச் சுகம் என்று நானே எழுதிக்கொள்கிறேன், மிச்சத்தைக் கொத்தமல்லி அவித்துக் குடித்து நீ சரிப்படுத்திக்கொள். கடித உறையைக் கண்டதும் யாருக்கோ என்னவோ என்று பதறியிருப்பாய். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. தொலைபேசியில் கதைத்தால் அம்மா பாதியில் பறித்துவிடுவார், தம்பி பின்னால் நின்று சிரிப்பான், எனக்கோ வாயைத் திறந்ததும் சொல்ல வந்தது ஒன்று சொல்வது ஒன்றாகப் போய்விடும். அதனால்தான் இருபது வருசத்துக்குப் பிறகு கடுதாசி வாங்கினேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படித்த உனக்கு என் கோழிக்கிறுக்கலை வாசிக்க ஒரு மணித்தியாலமாவது பிடிக்கும். அதுவும் நல்லதுதான், மெதுவாக வாசிக்கிற ஆளுக்குக் கோபமும் மெதுவாகத்தான் வரும். இதில் உனக்குக் கோபம் வரக்கூடிய ஒரு விசயம் இருக்கிறது.

முதலில் வீட்டுப் புதினம். தம்பி பிறின்ஸ் இப்போதும் பகேரியாவில் அந்தக் காப்பிக் கடையில்தான் வேலை, காலையில் ரயிலைத் தவறவிட்டுவிட்டு ரயில்தான் முந்திப் போய்விட்டது என்று சொல்வான். நான் ஏதும் சொன்னால் பப்பா கால்மா, கால்மா என்று என்னையே ஆற்றுவான். சியாகுல்லித் தோட்டத்தில் பழம் பிடுங்கப் போகிற பீலிக்ஸ் அண்ணை போன கிழமை ஒரு பை நிறைய மண்டரீனோத் தோடம்பழம் கொண்டுவந்து தந்தார், இந்த மாசத்தில் பழுக்கிற பிந்திய பழம், உனக்குப் பிடித்தது. அம்மா தோலை எறியாமல் ஹீற்றருக்கு மேலே வைத்திருக்கிறார், வீடு முழுக்க அந்த மணம். எழுதிக்கொண்டிருக்கும்போதே நீ அடுத்த அறையில் இருக்கிறாய் என்ற நினைப்பில் ஒருதரம் உன்னைக் கூப்பிடப் பார்த்தேன். அம்மா இதைக் கண்டால் உங்களுக்கு மண்டை கலங்கிப்போச்சு என்பார். அவர் தான் பராமரிக்கிற கிழவி சின்யோராவைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுக்கப் போயிருக்கிறார், ஆறு மணிக்குத்தான் வருவார். அதற்குள் முடிக்கவேண்டும்.

என் வேலை உனக்குத் தெரியும், ஆனாலும் ஒருநாளும் நான் அதைப்பற்றி உன்னோடு கதைத்ததில்லை, நீயும் கேட்டதில்லை. காலை ஐந்தரைக்குப் பல்கலைக்கழகத்தின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே போவேன். வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் ஒன்றைத் தவிர அந்தக் கட்டடம் முழுவதும் ஒரு சத்தமும் இராது. விரிவுரை மண்டபங்களில் கதிரைகள் படிபடியாக மேலே போகும், ஜன்னலால் வெளிச்சம் முதலில் கடைசி வரிசையில் விழுந்து பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி வரும். நான் கூட்டிக்கொண்டு மேலே போவேன், வெளிச்சம் கீழே வரும், நடுவில் எங்கேயோ இருவரும் சந்தித்துக்கொள்வோம். அந்த இடத்தில் ஒரு கதிரையில் கொஞ்ச நேரம் இருப்பேன். மேற்பார்வைக்காரருக்குச் சொல்லிவிடாதே. அந்த நேரத்தில் முன்னால் நீ நின்று பாடம் நடத்துகிறாய் என்று நினைத்துக்கொள்வேன். உன் ஆங்கிலம் எனக்கு விளங்காது, ஆனால் கனவில் எல்லாம் விளங்கும்தானே.

கரும்பலகை துடைப்பதும் என் வேலை. அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பலகையில் நொன் கான்செல்லாரே, அழிக்கவேண்டாம் என்று ஒரு மூலையில் எழுதியிருந்தால் அதைத் தொடக்கூடாது. எத்தனை நாள் கிடந்தாலும் சுற்றிவரத் துடைக்கலாம், எழுத்தில் கைபடக்கூடாது. எழுதினவர் வந்துதான் அழிப்பார். பத்தொன்பது வருசத்தில் நான் ஒருதரம்கூடப் பிழைவிட்டதில்லை. ஒரு கணக்கு ஐந்து கிழமை கிடந்தது, அதை எழுதின பேராசிரியர் காய்ச்சலில் படுத்திருந்தாராம். அவர் திரும்பி வந்து பலகையைப் பார்த்துவிட்டு என்னைத் தேடிவந்து கை தந்தார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

ஐப்பசி மாசத்தில் நீ எடுத்த அந்தத் தொலைபேசி அழைப்பை நினைத்துப்பார். அன்றைக்கு எனக்கு முதன்முதலாக உன் வேலை என்னவென்று விளங்கியது. நீ இருக்கிற ஊரில் நூறு வருசத்துக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பள்ளிக்கூட வாத்தியாரை ஊரார் கூட்டமாக வந்து கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள் என்றாய். பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்களாம், நின்றவர்களின் பெயர்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்ததாம், வெட்கத்துக்கல்ல, பெருமைக்கு. நீ உன் மாணவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டி முதலில் வாத்தியாரின் பெயரையும் பிறகு நின்றவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் வாசிப்பாய், அதுதான் அந்த நாள் பாடம் என்றாய். அடுத்த கிழமை அந்தப் பாடம் என்று நீ அறிவித்த அன்று ஒரு பெடியன் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றிருக்கிறான். இருபத்தொரு வயது, உங்கள் சட்டப்படி வகுப்புக்குள்ளும் துவக்குக் கொண்டுவர அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறவன், துவக்கு அவன் பையில் இருக்கிறது என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். அவன் பையைத் தூக்கி உன் மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, அந்தப் படத்தில் என் பூட்டனார் நிற்கிறார், புரொபெசர் யோசித்துச் செய்வது நல்லது என்று மட்டும் சொன்னானாம். மரியாதையாகச் சொன்னான் என்று நீ இரண்டுதரம் சொன்னாய். துறைத் தலைவரிடம் போனால், உன்னை ஒருவரும் தடுக்கவில்லை, உன் சுதந்திரம் உன்னுடையது, ஆனாலும் இந்த முறை விட்டால் என்ன என்று கேட்டாராம். உன் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

அப்போது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். விடு பிள்ளை, வேறை பாடமே இல்லையோ, நுணலும் தன் வாயால் கெடும் என்றேன். அம்மா என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்துக்கொண்டு, நுணல் கத்தாட்டி மழை வாறது ஆருக்குத் தெரியுமாம், நீ கேளாதை பிள்ளை, உன்ரை மனசு சொல்றதைச் செய் என்று கத்தினார். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, வகுப்புக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். வைத்த பிறகும் உன் வகுப்பின் கதவு என் கண்ணுக்குள் நின்றது. நீ இப்போதெல்லாம் கதவுக்குப் பக்கத்தில் நின்றுதான் பாடம் நடத்துகிறாய் என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறாய், அவன் எனக்குச் சொல்லிவிட்டான், அவனைக் கோபிக்காதே. அந்தப் பெடியனின் கட்டுரைக்குப் புள்ளி போடும்போது கை தயங்கி நாலு புள்ளி கூடப் போட்டுவிட்டேன் என்றும் சொன்னாயாம். உன் துறைத் தலைவர் சொன்ன சுதந்திரத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

இனித்தான் கோபம் வரக்கூடிய விசயம். அடுத்த நாள் பின்னேரம் வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நான் பேருந்து ஏறிப் பெல்லெக்ரீனோ மலைக்குப் போனேன். குகைக் கோயிலில் புனித றொசாலியாவின் சொரூபத்துக்கு முன்னால் மண்டியிட்டு உனக்காக ஒரு நேர்த்தி வைத்தேன். என் மகள் அந்தப் பாடத்தை எடுக்காமல் விட்டால் அடிவாரத்திலிருந்து வெறுங்காலோடு ஏறிவந்து மெழுகுதிரி வைக்கிறேன் என்று. உன் உயிரைக் காப்பாற்று என்று கேட்டிருக்கலாம். அந்தப் பெடியனின் மனசை மாற்று என்று கேட்டிருக்கலாம். அந்த ஊர்ச் சட்டத்தையே மாற்று என்றும் கேட்டிருக்கலாம். ஆனால் நாங்கள் நேர்த்தி வைக்கிற ஆட்கள், எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிதாய்க் கேட்டால் பிந்தும், சின்னதாய்க் கேட்டால் கெதியாய்க் கிடைக்கும் என்று ஒரு கணக்கு. இந்த நாட்டில் இருக்கப் பெர்மெஸ்ஸோ கிடைக்கவேண்டும் என்று நேராமல், அதைத் தருகிற குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் இன்றைக்கு வரிசை குறையவேண்டும் என்று நேர்ந்த ஆள் நான். எல்லாவற்றிலும் சின்னது உன் வாய்தான் என்று எனக்குப் பட்டது. அது மூடினால் போதும், மிச்சமெல்லாம் தன்பாட்டில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் நீ எடுத்துச் சொன்னாய், அப்பா, அந்தப் பாடத்தை எடுக்கேல்லை, ஒரு பழைய ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டிப்போட்டு விட்டிட்டன் என்று. உன் குரல் மாவில் உப்புப் போட மறந்ததுபோல இருந்தது. எனக்கோ மனசு துள்ளியது. அன்று சந்தோசத்தில் வுச்சீரியாச் சந்தைக்குப் போய்ப் பெரிய மீன் ஒன்று வாங்கிவந்தேன், அம்மா இதென்ன திருநாள் என்று கேட்டார், சும்மா என்றேன். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன், அடுத்த நாளும் கொண்டேன். மூன்றாம் நாள் விடியற்காலையில்தான் ஸ்ரீபன் மாஸ்டர் கனவில் வந்தார்.

அவரைப்பற்றி நான் உனக்குச் சொன்னதில்லை, அம்மாவுக்கும் சொன்னதில்லை. மன்னாரில் நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவர் எங்களுக்குக் குடியியல் எடுத்தவர். ஒருநாள் அவர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது துவக்கோடு ஒரு ஆள் வகுப்பு வாசலில் வந்து நின்றான். எந்தப் பக்கத்து ஆள் என்று இப்போது சொல்லி என்ன, அந்த நேரம் எல்லாப் பக்கத்திலும் துவக்கு இருந்தது. அவன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பலகையை வாசித்தான். மாஸ்டர் அவனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. சுதந்திரமான நாட்டில் எந்த மனிதனும் அச்சமின்றி, என்று அதுவரை எழுதியிருந்தார். அதோடு வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையள், புத்தகத்தை மூடுங்கோ, இண்டைக்குப் படம் கீறுவம் என்றார். நாங்கள் எல்லாரும் மாமரம் கீறினோம். அடுத்த நாள் வேறு பக்கத்திலிருந்து படிப்பித்தார், அந்த வசனத்துக்கு அவர் திரும்பி வரவேயில்லை. அவரை ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, முதுமை வந்துதான் கண்ணை மூடினார். அவர் பிழை செய்தார் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் எந்த மனிதனும் அச்சமின்றி என்ன செய்யலாம் என்று எனக்கு இன்றுவரை ஒருவரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கனவில் அவர் என் பல்கலைக்கழக மண்டபத்தில் நின்று மாமரம் கீறிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் இறங்கி வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தபோது முகம் உன் முகமாக இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு நேர்த்தி தீர்க்கப் போகக் காலெழவில்லை. கேட்டது கிடைத்தால் செலுத்தியே ஆகவேண்டும், அது உனக்கும் தெரியும், அதில் சாட்டுச் சொல்ல இடமில்லை. கார்த்திகையில் மழை என்றேன், மார்கழியில் நத்தார் வேலை என்றேன், தையில் முழங்கால் நோகிறது என்றேன். யாரும் கேட்காமலே எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் இந்த மாசம் முதல் ஞாயிறு, அம்மா வழக்கம்போல மலைக்கு வெளிக்கிட்டபோது நானும் வாறன் என்று கிளம்பினேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அடிவாரத்தில் சப்பாத்தைக் கழற்றிக் காலுறையையும் கழற்றிப் பைக்குள் வைத்தேன். மாசி மாசக் கல், மகள், ஐஸ்கட்டி தோற்றுப்போகும். அம்மா நின்று என் காலைப் பார்த்தார், என்ன நேர்த்தி, ஆருக்கு, எனக்குத் தெரியாமல் எப்ப வைச்சனீங்கள் என்று கேட்டார். நான் ஏறத் தொடங்கினேன். மூன்றாவது வளைவு வரைக்கும்தான் என்னால் தாக்குப்பிடிக்க முடிந்தது. அங்கே நகரம் முழுவதும் கீழே புகையில் மிதப்பதுபோலத் தெரிந்தது, கடலும் வானமும் ஒரே நிறமாய் இருந்தது, எனக்கு ஏதோ செத்துப்போன ஆள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற மாதிரி ஒரு துணிவு வந்தது. சொல்லிவிட்டேன்.

அம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பிள்ளையின்ரை உசிரைக் காப்பாத்தச் சொல்லிக் கேட்டிருந்தா நானும் உங்களோடை சேர்ந்து முழங்காலிலை நிண்டிருப்பன், நீங்கள் கேட்டது அதில்லை, அவளின்ரை வாயை மூடச் சொல்லிக் கேட்டிருக்கிறீங்கள் என்றார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு எனக்கு முன்னால் விறுவிறு என்று ஏறிப்போனார். இரண்டு வளைவு தள்ளி நின்று எனக்காகக் காத்திருந்து, தான் ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு முதல் ஞாயிறும் ஏறுவது நீ அந்தப் பாடத்தை எடுக்கவேண்டும் என்று கேட்கத்தான் என்று சொன்னார். எனக்கு அந்தக் குளிரிலும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே புனிதையிடம் புருசனும் மனைவியும் எதிரும் புதிருமாக மனுப் போட்டால் அவரும் என்னதான் செய்வார், பாவம். சின்னதாய்க் கேட்டவனுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார். அம்மாவும் சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். பிறகு தன் சால்வையால் என் காலைத் துடைத்துவிட்டார், றோட்டில் வைத்து, ஆட்கள் பார்க்க.

குகைக்குள் நீ சின்ன வயதில் பார்த்து வியந்த அந்தத் தகரப் பீலிகள் இப்போதும் இருக்கின்றன. பாறை முழுவதும் கசிகிறது, அந்தத் தண்ணீர் ஆட்களின் தலையில் விழாமல் பீலிகளில் ஏந்தி ஓரமாக ஓடவிடுகிறார்கள். மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை நூறு வருசமாய்ச் சொட்டுகிறதோ, ஒருவரும் அதை அடைக்கவில்லை, வழிதான் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு என் பலகைகள் ஞாபகம் வந்தன. யாரோ முன்பின் தெரியாதவர் எழுதின கணக்கை ஐந்து கிழமை காத்தவன் நான், என் சொந்த மகளின் பலகையை அழித்துவிடு என்று வானத்துக்கு மனுப் போட்டிருக்கிறேன். அதுவும் எழுதினவளைக் கேட்காமல். எனக்கு வெட்கமாய் இருந்தது, மகள். இதை எழுதும்போதும் வெட்கமாய் இருக்கிறது. நேர்த்தி தீர்ந்தது, உன் மௌனத்துக்கு நான் செலுத்தவேண்டியதைச் செலுத்தி முடித்துவிட்டேன், இனி அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. புதிதாக ஒரு நேர்த்தியும் வைக்கவில்லை. இனி இந்தப் பிள்ளைக்கு நேர்த்தி வைக்கிறதெண்டா என்னைக் கேட்டு வையுங்கோ என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். கால் வீங்கிச் சப்பாத்து ஏறவில்லை, செருப்போடு போனேன். இரண்டாம் மாடி மண்டபத்தில் வெளிச்சம் மூன்றாம் வரிசைக்கு வந்திருந்தது. எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை, வெண்கட்டியை எடுத்துப் பலகையின் வலது மூலையில் ஸ்ரீபன் மாஸ்டரின் அந்த அரை வசனத்தைத் தமிழில் எழுதினேன். நாற்பது வருசமாய் நெஞ்சில் கிடந்தது, ஒரு எழுத்தும் பிசகாமல் வந்தது. கீழே நொன் கான்செல்லாரே என்று எழுதினேன். எழுதிவிட்டு வேலை போய்விடுமோ என்று பயந்து அன்று முழுவதும் தலையிடி. செவ்வாய் போய்ப் பார்த்தேன், இருந்தது. புதனும் இருந்தது. அந்த மண்டபத்தில் ஒரு நாளைக்கு நாலு பேராசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள், எல்லாரும் அதைச் சுற்றி எழுதிச் சுற்றி அழித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அதற்குக் கீழே யாரோ ஒரு பிள்ளை, இது என்ன மொழி என்று இத்தாலியனில் எழுதியிருந்தது. போன திங்கள் வேறொரு கையெழுத்தில், பிறகு என்ன என்று ஒரு கேள்வி. வசனம் முடியவில்லை என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்ததோ. நான் பதில் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே எழுத.

மகள், பங்குனி கடைசிக் கிழமை அந்தப் பாடம் புது வகுப்புக்குத் திரும்பவும் வருகிறது, பாட அட்டவணையில் அந்த நாளுக்கு நேரே நீ ஒன்றும் எழுதாமல் வெறுமையாய் விட்டிருக்கிறாய் என்று தம்பி சொன்னான். நான் உன்னை எடு என்று சொல்ல வரவில்லை. விடு என்றும் சொல்லவில்லை. எனக்கு இப்போதும் பயம்தான். அந்தப் பெடியன் இந்த முறை உன் வகுப்பில் இல்லை என்றாலும் அவனைப்போல இன்னொருவன் எந்தப் பையோடு வருவான் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, சட்டம் பண்ணினவர்களுக்கும் தெரியாது. என் பயம் என்னிடம் இருக்கட்டும், நான் அதைப் பார்த்துக்கொள்கிறேன், அதைத் தூக்கி உன் தலையில் வைக்கமாட்டேன். நீ விட்டால் ஸ்ரீபன் மாஸ்டரை நான் எவ்வளவு மதித்தேனோ அவ்வளவுக்கு உன்னையும் மதிப்பேன். எடுத்தால் அந்த வாத்தியாரின் பெயரை முதலில் வாசி, ஆறுதலாக, நிறுத்தி வாசி. அவரும் யாரோ ஒரு அப்பாவுக்குப் பிள்ளைதான். என்ன செய்தாலும் அது நீ எடுத்த முடிவாக இருக்கட்டும், நான் மெழுகுதிரி வைத்து வாங்கியதாக இருக்கக்கூடாது. அதோடு இன்னொன்று, அந்தக் கட்டுரைக்குப் போட்டதுபோல இனி யாருக்கும் பயத்தில் புள்ளி போடாதே, அது அந்தப் பெடியனுக்கும் நல்லதல்ல.

சில புத்தி சொல்லாவிட்டால் இது அப்பன் எழுதிய கடிதம் ஆகாது. தனியாக அலுவலக அறையில் இருந்து மாணவர்களைச் சந்திக்காதே, பக்கத்து அறைச் சிநேகிதியை இருக்கச் சொல்லு. அன்றைக்கு உன்னோடு வேலை செய்கிற இரண்டு மூன்று பேரைக் கடைசி வரிசையில் வந்து இருக்கச் சொல்லிக் கேள், கேட்பதில் வெட்கம் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றால் நில், அதற்காக உன்னை நீயே கோழை என்று நினைக்காதே, கதவடியில் நின்றாலும் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டால் போதும். காலையில் வெறும் காப்பியோடு வகுப்புக்குப் போகாதே. இருமலுக்கு மருந்து எடு. மண்டரீனோத் தோலில் கொஞ்சம் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், உங்கள் விமான நிலையத்தில் பிடித்து எறியாவிட்டால் மணக்கும்.

அம்மா படியேறி வருகிற சத்தம் கேட்கிறது, இவ்வளவோடு நிறுத்துகிறேன். ஆண்டவரும் அன்னை மரியாளும் உன் போக்கிலும் வரவிலும் கூட இருக்கட்டும், உன் நெற்றியில் நான் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அன்று உனக்குக் காலை பத்து மணி என்றால் எங்களுக்குப் பின்னேரம் நாலோ ஐந்தோ, அந்த மாசத்தில் மணிக்கூட்டைத் திருப்புகிற குழப்பம். அதனால் நானும் அம்மாவும் நாலு மணிக்கே வந்து மேசையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு இருப்போம், ஆறு மணி வரைக்கும் இருப்போம். நீ பாடத்தை எடுத்தாயா விட்டாயா என்று எழுதவேண்டாம். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் வந்துவிட்டேன் என்று ஒரு சொல் அனுப்பு. அந்தச் சொல்லுக்காக நான் இனி யாருக்கும் நேர்த்தி வைக்கமாட்டேன், நீ அனுப்பினால்தான் உண்டு.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அப்பா பெனடிக்ற்